எட்டாவது ஆள்

பினாங்கில், டத்தோ கிராமாட் சாலையில், அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு நாய் எட்டுப் பேரைக் கடித்தது. என் பட்டியலில் ஏழு பெயர்கள்தான் இருந்தன.

நான் நகரசபைச் சுகாதார ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. கடிபட்டவரின் பெயர், விலாசம், கடிபட்ட இடம், ஊசி தொடங்கிய தேதி இவற்றை எழுதி வைப்பது அந்த வருஷம் என் மேசைக்கு வந்து சேர்ந்த புது வேலை. அதற்கு முன்பு எங்கள் மேசைகளில் கொசுவும் எலியும் சாக்கடையும்தான். வெறிநாய் புதிது. தரைவழியாக வந்ததா, கப்பலில் இறங்கியதா என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டாத நாயைச் சுட உத்தரவு வந்தது. வளர்ப்பு நாய்க்கு வாய்க்கூடு போட வேண்டும் என்று நான்கு மொழிகளில் அச்சடித்துச் சுவர்தோறும் ஒட்டினோம்.

ஊர் அதை நான்கு மொழிகளிலும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதாகோயிலிலிருந்து வெளியே வரும்போது தெரேசா அக்கா என்னைப் பிடித்துக்கொள்வார். "தம்பி, ஆரோக்கியநாதர் சுரூபத்துல அவர் காலடியில என்ன நிக்குது? காட்டுல கிடந்தவருக்கு ரொட்டி கொண்டாந்து குடுத்தது நாய்தானே? அது வாயில கூடு மாட்டச் சொல்றீங்களே, உங்க ஆபீசுக்கு அடுக்குமா?" இந்துக்கள் பைரவரின் வாகனம் என்றார்கள். கடித்தால் மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் வைத்துக் கட்டினால் போதும் என்பது எல்லாருக்கும் பொதுவான கட்சி. ஆஸ்பத்திரி ஊசியைப் பற்றித்தான் இரண்டு கட்சி. ஊசி போட்டால் வயிற்றில் நாய்க்குட்டி உண்டாகும் என்றது ஒன்று. போடாவிட்டால்தான் உண்டாகும் என்றது மற்றது. குட்டியைப் பற்றி மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

நான் வாதாடுகிறவன் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்குள் ஒரு தெளிவு இருந்தது. எங்கள் டாக்டர் துரை ஒரு நாள் மேசையில் விரலை நடத்திக் காட்டியிருந்தார். விஷம் கடிவாயிலிருந்து தலைக்கு நடந்துதான் போகிறது, வண்டி ஏறிப் போவதில்லை. அதற்கு முன்னால் மருந்து போய்ச் சேர்ந்தால் முடிந்தது. மருந்து கோலாலம்பூரிலிருந்து ரயிலில் எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊருக்கு வந்து, பெர்ரியில் கடலைத் தாண்டி எங்களிடம் வந்தது. நேரத்தில் ஊசிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம் வேலைக்குத் திரும்பிப் போவதை என் பட்டியலில் பார்த்திருந்தேன். வராமல் போன ஒருவரையும் பார்த்திருந்தேன். இரண்டையும் பார்த்தவனுக்கு வாதம் தேவைப்படுவதில்லை.

எட்டாவது ஆளைப் பற்றிச் சொன்னவர் சாலையோரத்தில் ஆப்பம் விற்கும் ஆசியா பீவி. நாய் கடித்து ஓடியதையெல்லாம் கல்லின் முன்னால் உட்கார்ந்தபடியே பார்த்தவர்.

"ஏழு இல்ல தம்பி, எட்டு. ஒரு கிராணி இருந்தாரு. வெள்ளைச் சிலுவாரு, கஞ்சி போட்டு மொடமொடன்னு. இடது கெண்டைக்கால்ல கவ்வுச்சு. உதறிட்டு ஓடினாரு லா. ஒரு சத்தம் போடல."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"சிலுவாரைத்தான் பார்த்தேன். அவ்வளவு வெள்ளை."

கால்சட்டையைச் சிலுவார் என்பது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளைச் சிலுவார் என்றால் கிராணி, வாத்தியார், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்று ஊரில் பாதிப் படித்தவர்கள் வந்துவிடுவார்கள். சுட்டுக் கொன்ற நாயின் தலையைச் செவ்வாய்க்கிழமை சோதித்து வெறிதான் என்று முடிவு வந்தது. ஏழு பேருக்கும் அன்றே ஊசி தொடங்கியது. எட்டாவது ஆளுக்காகத் தனியாக ஒரு நோட்டீஸ் போட்டோம். யாரும் வரவில்லை.

ஆபீசில் அது விளையாட்டாகிவிட்டது. வெறி பிடித்தவன் தண்ணீரைக் கண்டால் நடுங்குவான் என்று எல்லாருக்கும் தெரியும். எதிர் மேசை வின்சென்ட் காலையில் வந்ததும் கிளாஸில் தண்ணீரோடு ஒவ்வொருவரிடமும் வருவான்.

"அண்ணே, ஒரு மடக்கு."

"தாகம் இல்லப்பா."

"தாகம் இல்லையா, பயமா? நாலு பேருக்கு முன்னால குடிச்சிடுங்க. எங்களுக்கும் நிம்மதி."

அந்த வாரம் நகரசபையில் எல்லாரும் நிறையத் தண்ணீர் குடித்தார்கள். நானும் குடித்தேன். ஆனால் அந்த ஆளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடிபட்ட ஏழு பேரும் ஊரைக் கூட்டியிருக்கிறார்கள். ஒருவன் மட்டும் சத்தத்தை விழுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். வலியைவிடப் பெரியதாக எதையோ மறைத்தவன் அவன். எதை என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை சலவைத் துணி வந்தது. எப்போதும் கொண்டுவருபவன் அங்கப்பன். ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் வண்ணாந்துறையில் சொந்தமாகத் துவைக்கும் கல் வைத்திருப்பவன். ஆறு வருஷமாக என் துணி அவனிடம்தான். அன்று அவன் மனைவி ருக்குமணி மூட்டையைத் தலையில் சுமந்து வந்தாள்.

"அங்கப்பன் எங்கே?" என்றாள் என் மனைவி அமலம்மாள்.

"துறையில வேலைங்க."

"செவ்வாய்க்கிழமையே வரணுமே."

"வேலைங்க" என்றாள் மறுபடி. எண்ணிக் கொடுத்துவிட்டு நின்றாள். ஏதோ சொல்லப் போகிறவள்போல என்னைப் பார்த்தாள். பிறகு மூட்டை கட்டிவந்த துணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது வெள்ளை டிரில் சிலுவாரை எடுத்து உதறினேன். இடது காலில், முழங்காலுக்குக் கீழே, சிவப்பாக ஏதோ இருந்தது. முதலில் வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். சிவப்பு நூலால் இழையோட்டித் தைத்த நான்கு சின்னத் தையல்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ் இரண்டில் ஒன்று பக்கவாட்டில் கிழிந்து நீண்டிருந்தது.

அமலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"சிவப்பு நூலா? வெள்ளைத் துணியிலயா? போன மாசம் உங்க கோட்டுல சுருட்டு பட்ட ஓட்டையை அவ தச்சுக் குடுத்தப்ப எங்கேன்னு நானே தேடினேன். இன்னிக்கு என்ன கண்ணு அவிஞ்சுபோச்சா அவளுக்கு?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பல் தடம் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அந்த வாரம் ஏழு முறை எழுதியவன் நான். இடுப்புப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. சேங்கொட்டை மையில் அங்கப்பன் எனக்குப் போட்டு வைத்திருக்கும் குறி. ஊரெல்லாம் நாங்கள் தேடிய கிராணியின் சிலுவார் என்னுடையது.

வண்ணார்கள் சில நாள் வாடிக்கைக்காரர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போவது பினாங்கில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. பிடிபட்டால் கதை வேறு. துறைக்கென்று பஞ்சாயத்து இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் ஒரு வாத்தியாரின் கோட்டோடு கல்யாணத்துக்குப் போக, அந்த வாத்தியாரே பந்தியில் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். பஞ்சாயத்து அவன் கல்லைப் பிடுங்கியது. இன்று அவன் தாசேக் கெலுகோரில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறான்.

எட்டாவது ஆள் மறைத்தது இதைத்தான்.

"ஆபீசுக்கு நேரமாகுது" என்றாள் அமலம்மாள்.

"தெரியும்."

"அப்ப ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

பெயரை எழுதிக் கொடுத்தால் ஆபீசிலிருந்து ஆள் போய் அவனைக் கூட்டி வந்துவிடுவார். இழுத்துக்கொண்டு வரப்பட்டவன் முதல் ஊசிக்கு நிற்பான். மறுநாள் சுங்கை பாக்காப்பிலோ அதற்கு அப்பாலோ ஏதாவது தோட்டத்தில் மறைந்துவிடுவான். ஊசி பதினான்கு நாள். பதினான்கு நாளும் அவனாக நடந்து வர வேண்டும். அதை யோசித்து முடிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் வேறு சிலுவாரைப் போட்டுக்கொண்டு, இதை ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆபீசுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும் ட்ராமில் ஏறினேன்.

துறையில் வெயில் ஏறியிருந்தது. மூங்கில் கொடிகளில் ஊர்த் துணியெல்லாம் காய்ந்தது. அங்கப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி ருக்குமணி ஒரு படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வாங்க கிராணியாரே. துணியில ஏதும் குறையா?"

"இல்ல."

கரையில் கவிழ்த்திருந்த ஒரு கூடையின் மேல் உட்கார்ந்தேன். அவன் அடித்தான். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லை. எதிரில் இருப்பவர்களுக்குத்தான் சிரமம். ஏழெட்டு அடி அடித்துவிட்டு அவன் நிறுத்தினான்.

"ஆபீசு இல்லீங்களா இன்னிக்கு?"

"இருக்கு."

மறுபடி அடித்தான். மறுபடி நிறுத்தினான். என் கக்கத்தில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். கையிலிருந்த துணியைக் கல்லில் போட்டுவிட்டுக் கரைப்பக்கம் வந்து, குரலை இறக்கினான்.

"ஒரு போட்டோவுக்குத்தாங்க. சத்தியமா அதுக்கு மட்டுந்தான். பத்து வருசமா மூஞ்சியக் காட்டலன்னு ஊர்லேருந்து மாமனாரு காயிதத்துக்குக் காயிதம் எழுதுறாரு. வேட்டியில நின்னா என்ன மதிப்பு? ஒரு மணி நேரம். எடுத்துட்டு நேரா வீட்டுக்குத்தான் வந்தேன். எந்த நாயி பாக்குதுன்னு எல்லாப் பக்கமும் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்."

"நிஜ நாயை மட்டும் பார்க்கல."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"காயம் எப்படியிருக்கு?"

"ஆறிடுச்சுங்க. மொளகா வச்சுக் கட்டினேன். எனக்கு ஒண்ணும் வராது கிராணியாரே. நான் யோசிச்சுட்டேன். தண்ணிக்குப் பயப்படுற நோவுதானே அது? நான் விடிஞ்சா பொழுதுபோனா தண்ணியில நிக்கிறவன். காலையில எறங்கறப்பவே சோதிச்சுப் பாத்துக்கிறேன். பயம் இருக்கான்னு. துளி இல்ல. பாருங்க." குனிந்து இரு கையாலும் ஆற்றுநீரை அள்ளிக் குடித்தான். இன்னொரு முறை அள்ளிக் குடித்தான்.

வின்சென்டின் கிளாஸ் எனக்கு நினைவு வந்தது. ஆபீசில் விளையாட்டாகச் செய்ததை இந்த மனிதன் ஐந்து நாளாகத் தனியாக, தினம் காலையில், உயிருக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"அங்கப்பா, அந்தப் பயம் கடைசியில வர்றது. அது வந்துட்டா ஊசி இல்ல, டாக்டர் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம் இல்லாத இப்பத்தான் ஊசி பிடிக்கும். விஷம் கால்லேருந்து தலைக்கு நடந்து போகுது. இன்னிக்கு அஞ்சாம் நாள். நாம முந்திக்கலாம். நான் பார்த்திருக்கேன், முந்தினவங்களை."

"முந்தாதவங்களையும் பாத்தீங்களா?"

"ஒருத்தரைப் பார்த்தேன்."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

"ஆசுபத்திரியில எல்லாம் எழுதுவீங்களே" என்றான் பிறகு. "எங்க கடிச்சுது, யாரு பாத்தாங்க, என்ன உடுத்தியிருந்தேன். வெள்ளைச் சிலுவாருக்காரனைத்தான் ஊரே தேடுது. நான்தான்னு தெரிஞ்சா யாரு சிலுவாருன்னு அடுத்தாப்ல கேப்பாங்க. இந்தக் கல்லு எங்க அப்பன் வாங்கின கல்லு. இது போனா நானும் அவளும் எங்க போறது? நாய் கொல்றதா இருந்தா கொல்லட்டும் கிராணியாரே. மெதுவாத்தானே நடக்குதுங்கிறீங்க."

அப்போதுதான் கவனித்தேன். துறையில் துணி அடிக்கும் சத்தம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒருவர் நிமிர்ந்து நின்றார். ருக்குமணி மட்டும் எப்போதோ நீரெல்லாம் வடிந்துபோன விரிப்பை இன்னும் பிழிந்துகொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். என் வாழ்நாளில் நான் உரக்கப் பேசிய நேரங்கள் குறைவு. அது ஒன்று.

"இதுக்கா நீ ஒளிஞ்சுக்கிட்டிருக்க? போன மாசம் நான் உனக்குக் குடுத்த சிலுவாரை நாய் கிழிச்சிடுச்சு, அவ்வளவுதானே? குடுத்தது குடுத்ததுதான். கிழிஞ்சதுக்கு நான் கோவிச்சுக்குவேனா? வா ஆஸ்பத்திரிக்கு."

துறைக்குப் பெரியவர் மூன்றாவது கல்லில் நின்றார். நரைத்த மீசை, இடுப்பில் ஈரத் துண்டு. "கிராணியாரு சிலுவாரா அது?" என்றார்.

"அங்கப்பன் சிலுவாரு" என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. "எப்பங்க குடுத்தீங்க?"

"இப்ப" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "கரையேறு."

பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆறு வருஷத்தில் நான் யாருக்கும் ஒரு கைக்குட்டைகூடக் கொடுத்தவன் இல்லை என்பது துறைக்குத் தெரியாதா? ஆனால் கொடுத்தவனே நேரில் நின்று கொடுத்தேன் என்கிறபோது பஞ்சாயத்துக்கு அதில் வேலை இல்லை. அவர் துணியை ஓங்கிக் கல்லில் ஒரு அடி அடித்தார். அதன் பிறகு எல்லாக் கல்லிலும் சத்தம் தொடங்கியது. அங்கப்பன் கரையேறினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைக் கழுவும்போது உள்ளே இன்னும் மிளகாய் இருந்தது. வயிற்றில் முதல் ஊசி போட்டார்கள். நான் பட்டியலை விரித்து எட்டாம் எண்ணில் அங்கப்பன், வண்ணாந்துறை, இடது கெண்டைக்கால் என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்தான்.

"உடுப்பை எழுதலீங்களா?"

உடுப்புக்கு எங்கள் பட்டியலில் இடமே இல்லை. அது தெரியாமல்தான் அவன் ஐந்து நாள் தண்ணீரில் நின்றிருந்தான்.

அன்று மாலை அமலம்மாளிடம் சொன்னேன். 

"நல்ல டிரில் துணி அது" என்றாள்.

"ஆமா."

"தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்குவீங்கன்னு எடுத்தது."

"ஆமா."

"போட்டோவுல எப்படி இருந்தானாம்?" என்றாள்.

ஊர் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. வெறி துணியில் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரோ சொல்ல, அடுத்த வாரத்தில் நான்கு வீடுகள் அங்கப்பனுக்குத் துணி போடுவதை நிறுத்தின. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அமலம்மாள் கோயில் வாசலில் தெரேசா அக்காவிடம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

"நேத்து அங்கப்பன் வெளுத்தது. மோந்து பாருங்க அக்கா. நீலமும் கஞ்சியும் தவிர வேற ஏதாச்சும் இருக்கா? நாய்க்கு வாய்க்கூடு வேணாம்னீங்க. மனுசனுக்கு மட்டும் போடலாமா?"

தெரேசா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு மூட்டையும் அங்கப்பன் தலையில் இருந்தது. அவர் வீட்டு நாயின் வாயில், பின்னிய பிரம்பில், அழகான ஒரு கூடும் இருந்தது. ஆபீசில் வின்சென்ட் என்னை, டோபிக்கே துணி தானம் செய்த ஒரே கிராணி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டான். கூப்பிடட்டும் என்று விட்டேன்.

பதினான்கு நாளும் அவன் வந்தான். பத்தாம் நாள் வயிறு வீங்கி, குனிந்து துணி அடிக்க முடியவில்லை என்றான். ருக்குமணி அவன் கல்லிலும் சேர்த்து அடித்தாள். கடைசி ஊசிக்கு அவளும் கூட வந்தாள். அவன் உள்ளே போயிருந்தபோது வராந்தாவில் அவளும் நானும் இருந்தோம். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.  நான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் சிவப்பு நூல்?"

அவள் தலை நிமிரவில்லை.

"யாருகிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாருங்க."

"அதான் கேக்குறேன்."

"வெள்ளை நூலு தீந்துபோச்சுங்க" என்றாள். அவள் மடியில் வெள்ளை நூல் உருண்டை இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஊசியை இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அங்கப்பன் துணி மூட்டையோடு ஒரு போட்டோவும் ஒரு கடிதமும் கொண்டுவந்தான். போட்டோவை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் மாளிகை வரைந்த திரை. மாடிப்படிபோல ஒரு மரப்பலகை. அங்கப்பன் இடது காலை முன்னே வைத்து நிற்கிறான். என் சிலுவார், கிழிவதற்கு முன்னால், மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்தது. எனக்கு இருந்ததைவிட அவனுக்குப் பொருந்தியிருந்தது. அவன் வலது கை, போட்டோக் கடைக்காரர் அழகுக்காகப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு பீங்கான் நாயின் தலைமேல் இருந்தது.

"இதைப் பாத்ததும் அனுப்பவே மனசு வரலீங்க. அவதான் அனுப்புன்னா. மாமனாரு பதில் போட்டுட்டாரு. படிச்சுச் சொல்லுங்க."

நான் படித்தேன். மாப்பிள்ளை நல்ல சுகமாக இருப்பதைப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்பட்டார்களாம். உடுப்பு மிகவும் நன்றாக இருக்கிறதாம். நாயும் லட்சணமாக இருக்கிறதாம். அது கடிக்குமா என்று கேட்டிருந்தார்.

அங்கப்பன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உள்ளே அமலம்மாள்தான் முதலில் சிரித்தாள். அவன் சிரித்துச் சிரித்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான். ஒரு சொம்பு நிறைய வாங்கி, அண்ணாந்து, மடமடவென்று குடித்தான்.

"என்ன எழுதட்டும்?" என்றேன், பேனாவை எடுத்துக்கொண்டு.

"வாய்க்கூடு போட்டிருக்குன்னு எழுதுங்க."